தீப்பெட்டிக்குள் ஒரு பாம்புச் சட்டை

வண்டி வாசலில் நிற்பதற்கு முன்னாலேயே என்னைக் கூப்பிட்டுவிடுகிற என் அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதித்தான் தொடங்க நினைத்தேன். எழுத வரவில்லை. அடுப்படியில் ஸ்டூல் மேல் உட்கார்ந்து, இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டு, உங்கள் பட்டன் போனின் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். தரையில் கால் வைக்க எனக்கு இப்போது பயம்ப்பா. நீங்கள் 'ரேஞ்சர்' என்று கூப்பிடுகிற எனக்குத்தான்.

அம்மா உள்ளே கட்டிலில் தூங்குகிறாள். நீங்கள் போனதிலிருந்து அவள் யாரையும் தரையில் படுக்க விடுவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம். அவள் மூச்சு சீரான பிறகு மெதுவாக இறங்கி வந்தேன். எழுந்து வந்து கேட்டால் கணக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிடுவேன். பொய் சொல்வது எனக்கு இப்போது பழகிவிட்டது.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி பிறக்கப்போகிறது. நம் புஞ்சையை மாமா உழுது போட்டுவிட்டார். இந்த வருஷம் பருத்தி வேண்டாம், மக்காச்சோளம் போதும் என்கிறார். மேற்குப் பக்கம் இன்னும் உழாத இடத்தில் கரிசல் வெடித்துக் கிடக்கிறது. என் அடிஸ்கேலை விட்டுப் பார்த்தேன், முழுதாக உள்ளே போய்விட்டது. முன்பெல்லாம் அந்த வெடிப்புகளில் குப்புறப் படுத்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேனே, இப்போது ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

உங்கள் வண்டியை மாமாதான் ஓட்டுகிறார். ஹாரன் சத்தம் மாறவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுகிறேன். பிறகு உட்கார்ந்துகொள்கிறேன்.

அம்மா பழையபடி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறாள். காலை ஏழு மணிக்கு வேன் வந்துவிடுகிறது. சாயங்காலம் வரும்போது, பழக்க தோஷத்தில் இரண்டு மூன்று காலி டப்பாக்களை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுகிறாள். அவற்றை அலமாரியில் அடுக்கிவைக்கிறேன். உள்ளே போட்டுக் கொண்டுவர ஆளில்லை.

புஞ்சையிலிருந்து வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் காதுப் பக்கம் வைப்பீர்களே. "யாருன்னு சொல்லு பாப்போம்" என்பீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். கரகரவென்றால் பொன்வண்டு. ஒரு சத்தமும் இல்லையென்றால் மழைக்கு வருகிற சிவப்புப் பட்டுப்பூச்சி. பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடவேண்டும் என்று நான் சொல்லுவேன். மறுநாள் நீங்கள் அதே டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போவீர்கள். உண்மையிலேயே எடுத்த இடத்தில்தான் விட்டீர்களா? நான் கேட்டதே இல்லை. விட்டிருப்பீர்கள் என்று தெரியும்.

உங்களுக்குப் பாம்பு என்றால் எவ்வளவு பயம் என்று ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். மோட்டார் ரூமுக்குள் சாரை வந்த அன்றைக்கு நீங்கள் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"ஏட்டி ரேஞ்சர்! வெரசா வாட்டி. ஒங்க ஆளு வந்திருக்கான்."

"எங்கன இருக்குப்பா?"

"ஸ்டார்ட்டருக்குக் கீழ. நான் மேல இருந்து பாத்துக்கிடுதேன். நீ கீழ பாரு."

நான் எட்டிப் பார்த்தேன். "சாரைப்பா. ஒண்ணும் செய்யாது. எலிக்கு வந்திருக்கு."

"ஒண்ணும் செய்ய மாட்டேன்னு ஒங்கிட்ட எழுதிக் குடுத்திருக்கானோ?"

ஆனாலும் நான் சொன்னேன் என்று இறங்கி வந்தீர்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை சொன்னதை நம்பி, நடுங்கிக்கொண்டே கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, அது போகும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அன்றைக்குத்தான் என் நோட்டின் முதல் பக்கத்தில், "எங்கள் புஞ்சையிலும் வீட்டிலும் எந்த உயிரையும் அடிக்க விடமாட்டேன்" என்று எழுதி உங்களிடம் நீட்டினேன். நீங்கள் படித்துப் பார்த்து, சிரித்து, அடியில் 'சாட்சி' என்று போட்டுக் கையெழுத்தும் போட்டீர்கள். தாலுகா ஆபீஸில் போடுகிற மாதிரி, தேதியோடு.

அந்த நோட்டு இப்போது என் மடியில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அதன் கடைசிப் பக்கங்களில்தான் எழுதுகிறேன். நடுவில் ஒரு பக்கத்தைப் பசை போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் பற்றி உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவும்.

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம். அன்றைக்கு மாமா வந்திருந்தார், நீங்கள் இரண்டு பேரும் வாசலில் பேசிக்கொண்டிருந்தீர்கள். இருட்டுகிற நேரத்தில் கோழியை அடைக்கப் பின்பக்கம் போனேன். பங்குனியில் பருத்தி எடுத்து முடித்துப் பிடுங்கின செடிகளைக் காயவைத்து, அடுப்பெரிக்க அடுக்கி வைத்திருந்தோமே, அந்த மார்ப் படப்பில், கீழ் வரிசையில், குச்சிகளுக்கு நடுவே ஒரு சாண் உடம்பு தெரிந்தது. கருப்பு. மேலே மெல்லிசாக வெள்ளைக் கோடுகள். தலை உள்ளே. வாலும் உள்ளே.

பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகத்தில் அப்படி இரண்டு பாம்பு உண்டு. ஒன்று வெள்ளிக்கோல் வரையன், விஷமே கிடையாது, பல்லி பிடித்துத் தின்கிற சாது. இன்னொன்று கட்டு விரியன். ஊரில் இரண்டையும் விரியன் என்றுதான் சொல்வார்கள். புத்தகத்தில் படம் கருப்பு வெள்ளை. வரையனுக்குக் கழுத்துப் பக்கம் கோடு அழுத்தமாகத் தொடங்கி வாலுக்குப் போகப்போக மங்கும். விரியனுக்குக் கழுத்தில் மங்கி வாலில் தெளியும். நான் பார்த்தது நடு உடம்பு. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எனக்கு அது வரையனாக இருக்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதனால் வரையன் என்று நோட்டில் எழுதினேன். படமும் வரைந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். பாம்பு என்று வாயைத் திறந்தால் நம் தெருவில் முதலில் கம்புதான் வரும், உங்களுக்கே தெரியும். வாசலில் மாமா வேறு இருந்தார். உங்களிடம் மட்டும் காதோடு சொல்லியிருக்கலாம். நீங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மட்டும் தெரிந்த ஓர் உயிர் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். நான் ஒருத்தி காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று பெருமையாக இருந்தது.

பன்னிரண்டு நாள் இப்படியே போனது. முதல் நாளுக்குப் பிறகு அது கண்ணில் படவே இல்லை. போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதின்மூன்றாம் நாள் காலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விடியவில்லை. வெந்நீர் போட நீங்கள்தான் மார் எடுக்கப் போனீர்கள். கையை உள்ளே விட்டு இழுத்தவர், "ஸ்ஸ்" என்று உதறிக்கொண்டு வந்தீர்கள்.

"என்னங்க?"

"மாரு குத்திட்டு."

"பாத்து எடுக்கக் கூடாதா? காட்டுங்க." அம்மா லைட்டுக்கு நேரே உங்கள் கையைப் பிடித்துப் பார்த்தாள். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஊசி நுனி மாதிரி இரண்டு புள்ளி. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. "எதுக்கும் வேப்பெலையைத் தின்னு பாருங்க" என்று சொல்லி, தாழ்ந்து தொங்குகிற கொப்பிலிருந்து ஒரு கை உருவிக்கொண்டு வந்தாள்.

நீங்கள் இலையை வாயில் போடுவதற்கு முன் என்னைப் பார்த்தீர்கள். நான் பல்லில் பிரஷ்ஷோடு நின்றிருந்தேன்.

"ஏட்டி ரேஞ்சர், ஒங்க ஆளு யாரும் உள்ள இருக்கானா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். எனக்கு வாய்க்குள் நுரை. அதைத் துப்பிவிட்டுச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்ப்பா. அதற்குள் நீங்கள் இலையை மென்றுவிட்டீர்கள். முகம் கோணியது.

"கசக்கா?" என்றாள் அம்மா.

"கசக்காம இனிக்கவா செய்யும்? நாக்கே செத்துப்போச்சு, அந்தக் கசப்பு."

"அப்பம் ஒண்ணுமில்ல. விசம்னா கசப்பு தெரியாது." அம்மா மிச்ச இலையைத் தூர எறிந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கசந்துவிட்டது, அப்படியானால் அது வரையன்தான், அல்லது வெறும் குச்சிதான். நான் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

"இல்லப்பா. மார்ல ஒண்ணும் இல்ல."

இந்த நான்கு சொல்லைத்தான் நான் தினமும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எட்டு மணிக்கு என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தீர்கள். வண்டியில் உங்கள் முதுகில் சாய்ந்துதான் வந்தேன். ஸ்டாப்பில் இறங்கிப் பார்த்தபோது உங்கள் கண் இமை பாதிதான் திறந்திருந்தது. "ராத்திரி தூங்கலையாப்பா?" என்றேன். "வயித்தை என்னமோ பண்ணுது. ஒங்கம்மா குடுத்த வேப்பெல வேல செய்யுது" என்றீர்கள். பஸ் கிளம்பும்போது, "சாயந்தரம் டப்பா கொண்டாரேன்" என்று கத்தினீர்கள். சொல் கொஞ்சம் குழறியது. பஸ் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். புத்தகத்தில் கட்டு விரியன் பக்கத்தில் கண் இமை தொங்கும் என்று போட்டிருந்ததே. நான் படித்திருந்தேனே. ஏன் எனக்கு ஞாபகம் வரவில்லை?

மூன்றாவது பீரியடில் மாமா வந்து கூட்டிப்போனார். ஆஸ்பத்திரியில் உங்கள் கண் முழுதாக மூடியிருந்தது. வாயில் குழாய். டாக்டர் ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டே கேட்டார்.

"யாராவது பாம்பப் பாத்தீங்களா?"

"பாம்பெல்லாம் இல்ல சார்" என்றார் மாமா. "மாரு குத்துனது. வேப்பெல குடுத்துப் பாத்தாச்சு, நல்லா கசந்திருக்கு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "வேப்பில கசக்கத்தான்யா செய்யும். விஷம் ஏறினாலும் கசக்கும், ஏறாட்டியும் கசக்கும். அந்தக் கசப்ப நம்பி இவ்வளவு நேரத்த விட்டுட்டு வந்திருக்கீங்களே."

அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். யாராவது பாம்பைப் பார்த்தீர்களா என்று டாக்டர் இன்னொரு தடவையும் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு அவர் சொன்னார்: "பேசுங்க அவர்கிட்ட. கண்ணத் தெறக்கத்தான் முடியாது. காது கேக்கும்."

உங்களுக்கு எல்லாம் கேட்டதாப்பா? டாக்டர் கேட்டது, மாமா சொன்னது, நான் சொல்லாதது? என்னை உங்கள் தலைமாட்டில் நிறுத்தினார்கள். காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். தீப்பெட்டியை என் காதில் வைப்பீர்களே, அவ்வளவு பக்கம். 'எப்பா' என்றேன். அதற்கு மேல் வரவில்லை. உங்கள் விரல் அசைந்த மாதிரி இருந்தது. அது எனக்கா, வெறும் துடிப்பா, தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், கயத்தாறு தாண்டியதும் நீங்கள் போய்விட்டீர்கள் என்று மாமா சொன்னார்.  

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மாமா பின்பக்கம் அடிபம்புக்குக் கீழே ஒரு பாம்பை அடித்தார். கருப்பில் வெள்ளைக் கோடு. கம்பில் தொங்கவிட்டுத் தெரு முழுக்கக் காட்டினார். "யக்கா, இந்தா பாரு, அத்தானைக் கொன்ன பய இவன்தான்" என்று சொல்லி நடு வாசலில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லைப்பா. அவர் தினமும் இருட்டினபிறகு உங்கள் வண்டியைத் துடைத்துவிட்டு அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும்தான் அவருக்கு வாய் கசந்தது. "என்ன ரேஞ்சரு, ஒன் சொந்தக்காரனுக்கு ஒரு மால வாங்கிப் போடு" என்றார். யாரோ சிரித்தார்கள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கழுத்தில் கோடு அழுத்தமாக இருந்தது. வாலில் மங்கி, இல்லாமலே போயிருந்தது.

வெள்ளிக்கோல் வரையன். அது யாரையும் கொல்லாது.

அதையும் நான் சொல்லவில்லை. சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். ஒன்று சொன்னால் அதற்கு முன்னால் இருப்பதையும் சொல்லவேண்டும், அதற்கும் முன்னால் இருப்பதையும் சொல்லவேண்டும். கொன்றவன் செத்தான் என்று எல்லோருக்கும் அன்றைக்குச் சோறு இறங்கியது. அம்மாவும் சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்ல?

கொன்ற பாம்பு செத்துவிட்டது என்று நினைத்து அம்மா அந்த மார்ப் படப்பை நம்புகிறாள். அதுதான் இப்போது என் பயம். உங்களைக் கடித்தது இன்னும் போகவில்லையென்றால் உள்ளேதான் இருக்கும். அம்மா அதற்குள் கையை விடுவாள்.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். அம்மாவின் போனில் அலாரம் அடிப்பதற்கு முன்னால் நான் எழுந்துவிடுவேன். உங்கள் கவைக்கம்பு இருக்கிறதே, முள் தள்ளுகிறது, அதால் தூர நின்று மார் இழுத்து, தட்டி, உதறி, அடுப்புக்குப் பக்கத்தில் குவித்துவிடுவேன். அம்மா எழுந்து வரும்போது வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். "எம் பிள்ளைக்கு இப்பதான் பொறுப்பு வந்திருக்கு" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லி அழுதாளாம். கம்பை நீட்டும்போதே ஓடுவதற்குத் திரும்பி நிற்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பார்த்து இப்படிப் பயப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

நாற்பது நாளுக்கு மேல் இப்படி ஓடிவிட்டது. படப்பு இறங்கிக்கொண்டே வருகிறது. இப்போது அடியில் இரண்டு வரிசைதான் மிச்சம்.

நேற்று முன்தினம் கம்பில் ஏதோ சுற்றிக்கொண்டு வந்தது. கம்பைத் தூக்கி எறிந்துவிட்டேன். வெளிச்சம் வந்த பிறகு போய்ப் பார்த்தால், சட்டை. கழற்றிப்போட்ட தோல். முழுசு, கிழியவில்லை. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முதுகு நடுவில் ஒரே ஒரு வரிசைச் செதில் மட்டும் மற்றதைவிடப் பெரிது, ஆறு பக்கம், தேன்கூட்டு அறை மாதிரி. வரையனுக்கு அப்படி இருக்காது. கட்டு விரியனுக்குத்தான் இருக்கும்.

அழகாக இருந்ததுப்பா. இதை யாரிடமும் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்கிறேன். கையில் வைத்துக்கொண்டு அழுதேன், அப்போதும் அழகாகத்தான் இருந்தது. அதை நான் வெறுக்கவேண்டும். தினமும் படுத்தபிறகு முயன்று பார்க்கிறேன். கையை நெரித்தால் கடிக்கத்தானே செய்யும், இருட்டில் அதற்கு உங்களை எப்படித் தெரியும் என்று மனசு அதற்காகப் பேசுகிறது. உடனே உங்கள் மூடின கண் வருகிறது. நான் யார் பக்கம்?

சட்டையில் ஒரு துண்டு வெட்டி, அம்மா கொண்டுவந்த காலி தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். காதில் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை.

அம்மா அந்த வேப்ப மரத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. தாழ்ந்த கொப்பை மாமாவிடம் சொல்லி வெட்டவைத்துவிட்டாள். படுத்தபிறகு வலது கையால் கட்டில் சட்டத்தில் அடித்துக்கொள்கிறாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்துச் சொல்கிறாள்: "இந்தக் கையாலதானே உருவிக் குடுத்தேன். நாந்தானே ஒண்ணுமில்லன்னேன். நாந்தானே கொன்னேன்." நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் படுத்திருக்கிறேன். என்னுடையதை அவள் தூக்கிக்கொண்டிருக்கிறாள். நான் தூக்கவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குச் சாயங்காலம் அம்மா சொன்னாள். "ஏட்டி, காலாண்டுப் பரீட்சை வருது. நாளையில இருந்து நீ எந்திரிக்காண்டாம். மாரு நான் எடுத்துக்கிடுதேன்."

"இல்லம்மா, நானே எடுக்கேன்."

"கண்ணெல்லாம் குழி விழுந்து கெடக்கு. படிக்கிற பிள்ளை தூங்காண்டாமா? சொன்னாக் கேளு."

"எனக்குப் பழகிட்டும்மா."

"ஒங்கப்பா இருந்தா ஒன்னைய விடியக்காலம் மாரு பொறுக்க விடுவாவளா? படு போ." கவைக்கம்பை எடுத்து, கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அதை அவள் மார் எடுக்க வைத்துக்கொள்ள மாட்டாள். அவள் கையால்தான் எடுப்பாள். குனிந்து, அடி வரிசையில்.

நாளைக்கு வேண்டுமானால் அவளுக்கு முன்னால் எழுந்து தடுத்துவிடலாம். நாளை மறுநாள்? அடி வரிசை தீர்கிற வரைக்கும்? ஓர் அலாரத்துக்கு முன்னால் எழுந்துகொண்டே எத்தனை நாள் நான் அம்மாவைக் காப்பாற்ற முடியும்?

சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாமா மண்ணெண்ணெய்க் கேனோடு வருவார். படப்பு முழுக்க எரியும். அது மட்டுமா உள்ளே இருக்கிறது? அரணை இருக்கிறது, ஓணான் இருக்கிறது, அடியில் தேரை இருக்கிறது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணினால் வந்து உயிரோடு பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அவர்கள் வந்து சேரும்வரை மாமாவைப் பொறுத்திருக்கச் சொல்ல நான் யார்? உங்களைக் கொன்ற பாம்புக்காக உங்கள் மகளே பேசினால் ஊர் என்ன சொல்லும்? மாமா என்னை அடித்தாலும் அடிக்கட்டும். அம்மா என்னைப் பார்க்கிற பார்வைதான் எனக்குப் பயம். இனிமேல் அவள் என்னோடு ஒரே கட்டிலில் படுப்பாளா?

நீங்கள் இருந்தால் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, 'நீ கீழ பாரு, நான் மேல இருந்து பாத்துக்கிடுதேன்' என்பீர்கள். இப்போதும் மேலேதான் இருக்கிறீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?

ஒட்டின பக்கத்தை இப்போது தண்ணீர் தொட்டுப் பிரித்துவிட்டேன். கொஞ்சம் கிழிந்துவிட்டது. படத்துக்கு மேலே 'வரையன்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'கட்டு விரியன்' என்று எழுதியிருக்கிறேன். அடியில், 'பார்த்தேன், சொல்லவில்லை' என்று எழுதியிருக்கிறேன். முதல் பக்கத்தில் நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்ட வரியை அடிக்கவில்லை. அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை.

போனில் சார்ஜ் ஒரு கோடுதான் இருக்கிறது. நான் இனிமேல் படுக்கப்போவதில்லை. பின்கதவைத் திறந்து, வாசற்படியில் செருப்புப் போட்ட காலோடு உட்கார்ந்துகொள்வேன். அம்மா அந்த வழியாகத்தான் வரவேண்டும். வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன், அந்த வலது கையை. தீப்பெட்டியை அதில் வைப்பேன். 'யாருன்னு சொல்லு பாப்போம்' என்று நீங்கள் கேட்டது போல என்னால் கேட்க முடியாது. யாரென்று நானே சொல்லிவிடுவேன். நீங்கள் என்னிடம் கேட்டதையும், நான் இல்லை என்றதையும், வேப்பிலைக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுவேன்.

தீயணைப்புக்காரர்கள் வரும்வரை பொறுங்கள் என்று மாமாவிடம் கேட்பேன். கேட்பேன் என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. அவர் கேட்பாரா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வராமல் பேச வருமா என்றும் தெரியவில்லை. அது பிழைக்குமா, எரியுமா, அம்மா என்னைத் தொடுவாளா, ஒன்றும் என் கையில் இல்லை. ஒன்றுதான் உங்களுக்குச் சத்தியம் செய்து தர முடியும்ப்பா. நாளைக்கு அம்மாவின் கை அந்த மாருக்குள் போகாது. அதற்கு முன்னால் என் வாய் திறந்திருக்கும்.

உங்கள் காதோரம் 'எப்பா' என்றதோடு நின்றுபோன,
உங்கள் ஒரே மகள்,
சண்முகப்பிரியா